பழைய சட்டையைக் கொடுக்கும் முன் பொத்தானைத் தையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினத்தையொட்டி, பழைய பொருட்களைச் சேகரித்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் நிகழ்ச்சிகள் பள்ளிகளில் பெருகி வருகின்றன. மாவட்டச் செய்திகளில் படங்களும் வருகின்றன. மாணவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், நடுவில் துணிமூட்டை, பின்னால் பேனர். பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்ற வாசகம் ஃப்ளெக்ஸிலேயே அச்சாகியிருப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை, அது கிடக்கட்டும். படம் எடுத்த பிறகு அந்த மூட்டை எங்கே போய்ச் சேர்ந்தது என்று உங்கள் நிருபர்கள் ஒரு வரி விசாரித்து எழுதினால் நன்றாக இருக்கும்.

நான் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் இப்படிச் சேர்ந்த மூட்டைகளைப் பிரித்துத் தரம் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். அவிழ்த்ததுமே புழுக்க நாற்றம். காலர் கிழிந்த சட்டைகள், ஜிப் போன கால்சட்டைகள், ஜோடியில்லாத செருப்பு, துவைக்காத உள்ளாடைகள். அடியில் கசிந்து பூத்துப்போன பென்சில் பேட்டரிகள். இவற்றுக்கு நடுவே நல்ல பருத்திச் சட்டை ஒன்று இருந்தது. அதில் ஒரு பொத்தான்கூட இல்லை. அறுந்து விழுந்தவை அல்ல, கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார்கள். பொத்தானை எடுத்து வைக்கும் சிக்கனத்தை நான் குறைசொல்ல மாட்டேன். நானும் டப்பாவில் போட்டு வைக்கிறவள்தான். ஆனால் அந்தச் சட்டையை வாங்குகிறவர் அதை எப்படிப் போட்டுக்கொள்வார் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அதைச் சுமந்து வந்த பிள்ளைக்கோ, தான் சுற்றுச்சூழலைக் காப்பாற்றிவிட்டதாகச் சான்றிதழ் கிடைத்தது.

நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. கொடுத்தவர்களின் மனத்தில் இரக்கம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் சொந்த உழைப்பில் வாங்கி உடுத்திய மீனவக் குடும்பங்கள், யாரோ கழித்துப்போட்டதைத் தொடவும் கூசின. துணிகள் சாலையோரங்களில் குவியலாகக் கிடந்து மழையிலும் வெயிலிலும் மக்கின. டெல்லியிலிருந்து இயங்கும் கூஞ்ச் என்ற தொண்டு நிறுவனம் அப்படி வீணாகிக் கிடந்த துணிகளைப் பெற்றுத் தரம் பிரிக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. உடுத்தத் தகுதியில்லாத பருத்தித் துணியைக்கூடப் பெண்களின் மாதவிடாய்க் காலத்துக்கான துணிப்பட்டையாக மாற்றுகிறவர்கள் அவர்கள். அதன் நிறுவனர் அன்ஷு குப்தாவுக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது. துணியைத் திரட்டியதைவிட, பிரித்து, துவைத்து, தைத்து, யாருக்கு எது வேண்டும் என்று பார்த்து அனுப்பியதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம் என்பேன்.

பள்ளிகளில் விட்டுப்போவது இந்த நடுவேலைதான். சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே கூறிவிட்டது. பாடம் இருக்கிறது, தேசிய பசுமைப் படை என்ற மாணவர் சுற்றுச்சூழல் மன்றம் இருக்கிறது, ஓவியப் போட்டியும் பேச்சுப் போட்டியும் இருக்கின்றன. ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த பிள்ளைகள்தான் குறைவு.

அன்று அங்கிருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்து அந்தச் சட்டைக்குப் பொத்தான் வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். நாலு துளையிலும் ஊசி ஏறி இறங்கினால் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே நூலை இறுக்கிச் சுற்றிச் சின்னக் காம்பு போலக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் காஜாவில் மாட்டும்போது துணி இழுத்துச் சுருங்கும், பொத்தானும் சீக்கிரம் அறுந்துவிடும். ஆண் பிள்ளைகள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சற்று நேரத்தில் ஒரு பையன் தன் சீருடையிலேயே ஆடிக்கொண்டிருந்த பொத்தானைக் காட்டி, "டீச்சர், இதையும் நானே தைக்கட்டுமா?" என்று கேட்டான்.

அறிவியல் ஆசிரியரும் கூட இருந்தால் இன்னொன்றும் சொல்லித் தரலாம். துணியிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் மணத்தோடு பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக உறையும். வெளிர்நிறப் பருத்திப் புடவை கிழிந்தால் தூளியாகும், பிறகு குழந்தைக்குக் கோவணம், அப்புறம் கைப்பிடித் துணி, கடைசியில் மண்ணோடு மண். பாலியஸ்டருக்கு அந்த வாழ்வு இல்லை. அதைப் போகியன்று தெருவில் போட்டு எரிக்கிறோம். 2018 போகியில் சென்னையில் புகை மூண்டு விமானங்களே இறங்க முடியாமல் போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் இந்தச் சேகரிப்பை ஜூனில் நடத்துவதைவிட, மார்கழியில் வீட்டை ஒழிக்கும்போதும் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நடத்துவது பொருத்தம். எழுதாத தாள்கள் மிஞ்சிய நோட்டுகள் கிலோக் கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போவதும் அப்போதுதான். அந்தத் தாள்களைப் பிரித்து அடுக்கி நடுவில் தைத்தால் அடுத்த வகுப்புக்கு ரஃப் நோட்டு தயார்.

இன்னொன்றையும் தலைமையாசிரியர்கள் கவனிக்க வேண்டும். சேர்ந்த துணியை அதே பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்கு மேடையில் கூப்பிட்டுக் கொடுக்காதீர்கள். "அது என் பழைய சட்டை" என்று வகுப்பில் ஒரு குரல் கேட்டால் போதும், அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வராது. வளர்ந்துவிட்டதால் சிறுத்துப்போன சீருடைகளைத் துவைத்துத் தேய்த்து ஓர் அறையில் மாட்டி வையுங்கள். யார் வேண்டுமானாலும் வைக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பெயர் எழுத வேண்டாம், படமும் வேண்டாம். ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கும் அங்கிருந்தே எடுத்தால் பாதிக் கூச்சம் போய்விடும். பேட்டரி, சார்ஜர், உடைந்த கைப்பேசி ஆகியவற்றைத் துணியோடு சேர்க்காமல் தனியே வாங்கி, மின்னணுக் கழிவு எடுக்க அங்கீகாரம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

இதையெல்லாம் யார் செய்வது என்று கேட்பார்கள். 2012-ல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. ஓவியம், உடற்கல்வியோடு தையல், தோட்டக்கலை போன்ற தொழிற்கல்விப் பாடங்களுக்கும் அவர்களில் ஆட்கள் எடுக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. பணிநிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். அவர்களுக்கு முழுநேர வேலை கொடுத்து, ஆறாம் வகுப்பு முதல் ஆண், பெண் பேதமில்லாமல் வாரம் ஒரு பாடவேளையைப் பழுதுபார்க்கும் வேலைக்கென்றே பள்ளிக் கல்வித் துறை ஒதுக்க வேண்டும். ஊசி, நூல், பொத்தான், கத்தரிக்கோல் வாங்க ஆகும் செலவு, ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் செலவைத் தாண்டாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
நாகப்பட்டினம்