இரண்டு ஹோஸ் கிளாம்ப்

கையில் ஒட்டிய துருவும் எண்ணெயும் இன்னும் போகவில்லை. ஆனால் எங்கள் படகின் எஞ்சினிலிருந்து புரொப்பல்லருக்குப் போகும் ஷாஃப்ட் (சுழல் தண்டு) சுற்றுகிறது. அதை எஞ்சின் பக்கத்தோடு இணைக்கும் கப்ளிங்கை மாற்ற உதவிய உங்களுக்கெல்லாம் இந்த நன்றி.

முதல் நன்றி பக்கத்துப் படகுப் பெரியவருக்கு. கப்ளிங்கை ஷாஃப்டில் பிடித்திருக்கும் செட் ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு, பழைய கப்ளிங்கை இழுக்கத் தயாரான நேரம். உள்ளே எட்டிப் பார்த்தவர், பையிலிருந்து இரண்டு ஹோஸ் கிளாம்பை (குழாயை இறுக்கும் திருகு வளையம்) எடுத்து நீட்டினார். "முதல்ல இதப் போடுங்க தம்பி."

துருவேறி இறுகிய கப்ளிங்கை எடுக்க, எஞ்சின் பக்கமும் ஷாஃப்ட் பக்கமும் முகத்தோடு முகம் சேரும் இரண்டு ஃபிளாஞ்சுக்கும் (வட்டத் தட்டு) நடுவே ஷாஃப்டைவிடச் சிறிய சாக்கெட் (ஸ்பானர் முனை) ஒன்றை வைத்து, நீள போல்ட்டுகளை எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் ஃபிளாஞ்ச் வளையும். சாக்கெட் ஷாஃப்டைப் பின்னால் தள்ளும். பிடி ஒருமுறை விட்டதோ, ஷாஃப்டுக்குத் தடையே இல்லை. பின்பக்கம் சரிவு, முனையில் புரொப்பல்லரின் எடை. சுக்கான் தடுக்கும் என்று நம்பி விடுவது வெறும் சூதாட்டம். ஒரு அங்குலத் தடிமனுள்ள ஷாஃப்ட் முழுதாக வெளியே போனால், நீர்மட்டத்துக்கு ஒரு அடி கீழே உள்ள அந்தத் துளை நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் தண்ணீரை உள்ளே விடும். படகோ தண்ணீரில் நிற்கிறது.

கிளாம்ப் போடும் இடத்தையும் அவரே காட்டினார்: ஷாஃப்ட் படகை விட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் ஸ்டஃபிங் பாக்ஸுக்கு முன்னால், கப்ளிங்கிலிருந்து ஷாஃப்ட் கழன்று வரும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு. இரண்டின் திருகுத் தலைகளும் எதிரெதிர்ப் பக்கம். கப்ளிங் 'டப்' என்று விட்டதும் ஷாஃப்ட் வழுக்கி, கிளாம்ப் முட்டி நின்றது. அந்தச் சத்தம் காதில் இன்னும் கேட்கிறது.

ஷாஃப்டும் கப்ளிங்கும் சேர்ந்து சுற்ற, இரண்டின் பள்ளத்திலும் உட்காரும் உலோகத் துண்டான கீயை அரம் போட்டுத் தந்தவருக்கும் நன்றி. பள்ளத்தின் வளைந்த முனையில் கீ ஏறி நின்றால் கப்ளிங்கை ஒரு பக்கம் தூக்கிவிடும். கீ பக்கவாட்டில் மட்டும்தான் கச்சிதமாக உட்கார வேண்டும், மேலே கொஞ்சம் இடைவெளி வேண்டும். படகைக் கரையேற்றாமலே மாட்ட, பிளவு கப்ளிங் (பிளந்த பக்கத்தை போல்ட்டால் இறுக்கும் வகை) வாங்கச் சொன்னவருக்கும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜைக் கடன் கொடுத்தவருக்கும் நன்றி. நாலு அங்குல ஃபிளாஞ்சில் எந்த இரண்டு புள்ளியிலும் இரு முகங்களுக்கு நடுவேயுள்ள இடைவெளியின் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஷாஃப்ட் பக்க ஃபிளாஞ்சை மட்டும் அரைச் சுற்று திருப்பியபோது இடைவெளி கூடவே சுற்றி வரவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. ஷாஃப்ட் வளையவில்லை, நகர்த்த வேண்டியது எஞ்சினைத்தான் என்று அப்போது மூச்சு வந்தது.

இனி செட் ஸ்க்ரூக்கள் கழன்று விடாதபடி கம்பி கட்டாமல் இருக்காது. போன கப்ளிங்கில் அது இல்லை. நெகிழ்வு கப்ளிங் போட்டுக் கோணலை மறைக்கும் பேச்சும் இல்லை.

கிளாம்ப் இரண்டும் ஷாஃப்டிலேயே இருக்கட்டும் ஐயா, திருப்பித் தர மாட்டோம். புதிதாக இரண்டு உங்கள் பைக்கு வந்து சேரும்.