கூலி என்பது ஆள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழின் துணுக்குப் பகுதியில், 'கூலி' என்ற சொல் சீனத்திலிருந்து வந்தது, 'கசப்பான உழைப்பு' என்பது அதன் பொருள் என்று நாலு வரி வந்திருந்தது. படித்துவிட்டுக் காபி ஆறுவது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். திருக்குறளில் இருக்கிற சொல்லைத் தூக்கிச் சீனாவுக்குக் கொடுத்துவிட்டீர்களே ஐயா! 'தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்.' 619ஆம் குறள். பள்ளிக்கூடத்துச் சுவரிலெல்லாம் எழுதிப் போட்டிருப்பார்களே.

துணுக்கு எழுதியவர் முழுக்கத் தப்பும் சொல்லவில்லை. சீனத்தில் 'கு லி' என்று ஒரு சொல் உண்டு. 'கு' என்றால் கசப்பு, துன்பம். 'லி' என்றால் உடல் வலு. ஆனால் வெளியிலிருந்து வரும் பெயருக்கு, ஒலியும் ஒத்து வந்து பொருளும் பொருந்துகிற எழுத்தாகத் தேடிப் போடுவது சீனர்களுக்குக் கைவந்த கலை. கோகோ கோலாவைக் கூட 'வாய்க்குச் சுவை, மனசுக்கு மகிழ்ச்சி' என்று பொருள் வரும்படி எழுதிவிட்டார்கள். அதற்காக கோகோ கோலா சீனத்துச் சரக்கு ஆகிவிடுமா? வெள்ளைக்காரன் வாயில் கேட்ட 'கூலி'க்கு அவர்கள் போட்ட எழுத்துதான் கசப்பும் வலுவும். கியூபாவின் கரும்புக் காட்டுக்கும் பெருவுக்கும் ஏற்றி அனுப்பப்பட்ட சீனர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால், பொருத்தமாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு இந்தச் சொல் அறிமுகமானது எங்கள் ஊர்க் களத்துமேட்டில். குறுவை அறுவடை முடிந்து, தூற்றிய நெல் குவிந்து கிடக்கும். தாத்தா நெல் அளக்கும் மரக்காலோடு உட்காருவார். 'ஒன்று' என்று வாய் வராது. 'லாபம்' என்று சொல்லித்தான் முதல் மரக்கால் விழும், அதன் பிறகுதான் ரெண்டு, மூணு. அறுத்த பெண்கள் வரிசையாக முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். கடைசியில் தாத்தா ஒரு கை அள்ளி மேலே போடுவார். அந்தக் கைப்பிடி சிறிதாகத் தெரிந்தால், முந்தானையை இறுக்கி முடியாமல் அப்படியே நின்றுகொண்டிருப்பார்கள். பேச்சே இருக்காது. தாத்தா இன்னொரு கை அள்ளுவார். 'கூலி அளந்தாச்சா?' என்பதுதான் அன்று சாயங்காலம் தெரு முழுக்கக் கேட்கும் கேள்வி. கூலி அங்கே அளக்கிற பொருள். மரக்காலில் விழுகிற நெல்.

கூலம் என்றால் தானியம், கூலமாகக் கொடுத்ததால் கூலி என்று சொல்லாய்வு செய்கிறவர்கள் சிலர் சொல்வார்கள். அடித்துச் சொல்ல நான் பண்டிதன் இல்லை. ஆனால் களத்துமேட்டில் வளர்ந்தவனுக்கு அது நம்பச் சிரமமான சங்கதி அல்ல. மணிமேகலை பாடிய சாத்தனாரே மதுரைக் கூலவாணிகர்தானே.

இன்றைக்கும் நம் பேச்சில் கூலி என்பது பணம்தான். வண்டிக்கூலி, தையல்கூலி, மாவு மில்லில் அரவைக்கூலி, லாரிக்கு ஏற்றுக்கூலி இறக்குக்கூலி. நகைக்கடை விளம்பரத்தில் செய்கூலி. ஒருவரும் இதில் ஆளைப் பார்ப்பதில்லை. ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்று பின்னால் ஒன்றைச் சேர்க்கிறோம். மலையாளத்திலும் கன்னடத்திலும் இதே கதைதான். தெலுங்கர்கள் இன்னும் நுணுக்கம்: 'கூலி' என்று குறிலில் முடித்தால் சம்பளம், 'கூலீ' என்று நீட்டினால் ஆள்.

வெள்ளைக்காரன் அந்தப் பின்னொட்டை வெட்டி எறிந்தான். வாங்குகிற காசின் பெயர், வாங்கும் மனிதனின் பெயர் ஆனது. 1860இல் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் உள்ள டர்பன் கரையைத் தொட்டது. அதில் போன நம் ஜனங்களுக்கு நேட்டால் கரும்புத் தோட்டத்தில் முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். அவர்கள் பெயர் கூலி. அவர்கள் பிள்ளைகள் பெயரும் கூலி. அங்கே கடை வைத்துப் பிழைக்கப்போன குஜராத்தி முதலாளியும் 'கூலி வியாபாரி'. வழக்காட வந்த காந்தி 'கூலி பாரிஸ்டர்'. ஒரு நாளும் மூட்டை தூக்காதவர்களுக்கும் பட்டம் ஒட்டிக்கொண்டது. தென்னாப்பிரிக்காவில் இன்று அதை ஒருவரைப் பார்த்துச் சொன்னால் வசவு.

காந்தி தன் சுயசரிதையில் இன்னொரு கூத்தையும் எழுதியிருக்கிறார். ராமசாமி, முனுசாமி என்று தமிழர் பெயர்கள் முடிவதைப் பார்த்து, இந்தியர்களை 'சாமி' என்றும் கேலியாக அழைத்தார்களாம். சுரணையும் வாய்த்துடுக்கும் உள்ளவன், 'சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம். நான் உமக்கு எஜமான் இல்லையே' என்று திருப்பிக் கொடுப்பானாம். கூலிக்கு அப்படியொரு பதிலடி யாருக்கும் அகப்படவில்லை போலிருக்கிறது. குறள் தெரிந்த ஒருவன் கப்பலில் இருந்திருந்தால் சொல்லியிருப்பான்.

மொரீஷியஸில் நம்மவர்கள் இறங்கிய போர்ட் லூயிஸ் துறைக்கு 'கூலி காட்' என்றே பேர் இருந்தது. பிறகு 'ஆப்பிரவாசி காட்', அதாவது குடியேறி வந்தோர் துறை, என்று மாற்றினார்கள். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலக் 'கூலி'க்குத் தாய் தமிழ்தான் என்று அகராதிக்காரர்கள் ஒரே குரலில் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களுக்கு 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி, மேற்குக் கரையின் கோலி இனத்தார் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்று அந்தப் பக்கம் சாய்கிறது. மும்பையின் பூர்வகுடி மீனவர்கள் இந்தக் கோலிகள். அதே அகராதி, தமிழிலும் கன்னடத்திலும் சம்பளத்துக்குக் கூலி என்று பெயர் இருப்பதையும், துருக்கியில் அடிமைக்கு 'குல்' என்பதையும் சொல்லி, விஷயம் சிக்கல்தான் என்று ஒத்துக்கொள்கிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். இரண்டு ஓடை ஒரே ஆற்றில் கலந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்தத் துருக்கிக் 'குல்'லும் நம் பக்கத்து வீடு வரை வந்திருக்கிறது. 1591இல் ஹைதராபாத்தை எழுப்பிய கோல்கொண்டா சுல்தான் முகம்மது குலி குதுப் ஷா பெயரில் உள்ள 'குலி' அதுதான். அரசனின் பெயருக்குள் அடியான் என்ற பொருள்!

இந்தச் சொல்லின் விசித்திரப் பயணத்தை நான் நேரில் கண்டது ஜெர்மனியில். மகள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். போன வருஷம் அவளோடு ஒரு பார்சல் வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். முழு வாக்கியத்தில் எனக்குப் புரிந்த ஒரே சொல் 'கூலி'. நெடில் 'கூ', அப்படியே நம் உச்சரிப்பு. பார்சல் தூக்கிக்கொடுக்கக் காசு கேட்கிறார் என்று நினைத்து பர்ஸை எடுத்தேன். மகள் சிரித்துக்கொண்டே, 'அப்பா, கையெழுத்துப் போடப் பேனா வச்சிருக்கீங்களான்னு கேட்கிறாங்க' என்றாள். பால்பாயின்ட் பேனாவுக்கு அங்கே 'கூகெல்ஷ்ரைபர்' என்று பெயர், சுருக்கினால் 'கூலி'.

ஏதோ தற்செயல் என்று விட்டுவிட்டேன். அப்புறம் தோண்டினால், 1928இல் ஹாம்பர்க்கில் ஒரு கம்பெனி 'டின்டன்கூலி' என்ற பெயரில் ஊற்றுப்பேனா விற்றிருக்கிறது. பொருள், மைக் கூலியாள்! அந்தக் கம்பெனிதான் இன்ஜினீயரிங் படித்தவர்கள் படம் வரைந்து தள்ளிய ராட்ரிங். ஆக, பால்பாயின்ட் பிறக்கும் முன்பே ஜெர்மன்காரர் பேனாவுக்குள் நம் ஆள் உட்கார்ந்துவிட்டார்.

இந்தோனேசியாவில் 'குலி' என்றால் இன்றும் மூட்டை சுமப்பவர், கட்டட வேலைக்காரர். சுமத்ராவின் புகையிலைத் தோட்டங்களுக்கு டச்சுக்காரர்கள் 1880இல் போட்ட சட்டத்தின் பெயரே 'கூலிச் சட்டம்'. தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. அதே இந்தோனேசியாவில் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு, ஆசிரியரே: 'குலி டின்டா'. மைக்கூலி. அவர்களே தங்களைச் சிரித்துக்கொண்டு அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் அந்தத் துணுக்கு மட்டும் அல்ல. அதே இதழின் ஏழாம் பக்கத்தில், 'சுவர் இடிந்து 2 கூலிகள் பலி' என்று தலைப்பு. இடம் போதவில்லை என்பது புரிகிறது. ஆனால் செத்தது இரண்டு சம்பளம் அல்லவே, இரண்டு ஆள். 'தொழிலாளர்' என்று போட்டிருந்தால் ஓரெழுத்துதான் கூடுதல். ரயில் நிலையச் சிவப்புச் சட்டைக்காரர்களைக்கூட இனிக் கூலி என்று அழைக்க வேண்டாம், 'சஹாயக்' என்போம் என்று 2016 ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இந்திப் பெயர் வைத்தார்களே என்பது தனிச் சண்டை. போர்ட்டர் என்றே நாம் சொல்லிவிட்டுப் போகலாம்.

துணுக்குக்கு ஒரு திருத்தம் போடுங்கள். தலைப்புப் போடுகிறவரிடம் அந்த ஓரெழுத்தையும் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.

பின்குறிப்பு: இதை எழுதியது ஸ்டுட்கார்ட்டில் மகள் வாங்கிக்கொடுத்த கூலியால்தான். மை தீர்ந்துகொண்டு வருகிறது, கடைசி வரிகள் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.