லட்சுமிக்குக் கிடைத்த முக்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

பதினாலு வருஷம் எங்களோடு இருந்த நாய் போன மாதம் இறந்தது. கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்து, அதன் பால் கிண்ணத்தை மேலே கவிழ்த்து வைத்தேன். "நாய்க்கு ஏது ஆத்மா?" என்றார் பார்க்க வந்த ஒருவர். இன்னும் மனசு ஆறவில்லை.

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி இருக்கிறது. 1948 ஜூன் 18, அதன் கடைசி நாளில் ரமணர் அருகில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தார். அது முக்தி அடைந்தது என்று தமிழில் பாட்டே எழுதினார். பக்கத்திலேயே மான், காகம், நாய்க்கும் சமாதிகள். திருவானைக்காவில் சிலந்தியும் யானையும் சிவனருள் பெற்றதை நம்புகிற நாம், வீட்டு நாய்க்கு மட்டும் கதவைச் சாத்துவது என்ன நியாயம்?

அடுத்த கிரிவலத்தின்போது அந்த நாயின் சமாதியில் ஒரு பூ வைத்துவிட்டு வரப்போகிறேன்.

– ஒரு வாசகர், விழுப்புரம்