முதலில் குடிபுகுந்த மூவருக்கு நன்றி

மதிப்பிற்குரிய வில்லியம் ஷெப்பர்ட், யூரி கிட்சென்கோ, செர்கெய் கிரிகலேவ் ஆகியோருக்கு,

வணக்கம்.

விடியற்காலையில் மொட்டைமாடியில் நின்று சர்வதேச விண்வெளி நிலையம் போவதைப் பார்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். மினுக்காத வெள்ளைப் புள்ளி, நான்கைந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும். ஒவ்வொரு முறையும் அம்மா கேட்பார்: "இப்பவும் உள்ள ஆளு இருக்காங்களா?" எதையும் தேடிப் பார்க்காமலே "இருக்காங்கம்மா" என்று சொல்லிவிடுகிறேன். 2000 நவம்பர் 2 அன்று நீங்கள் உள்ளே நுழைந்ததிலிருந்து அந்த வீடு ஒரு நாளும் ஆளில்லாமல் கிடந்ததில்லை. அந்தப் பதிலுக்காகத்தான் இந்த மடல்.

புது வீட்டுக்குப் போனால் நாங்கள் பால் காய்ச்சுவோம். உங்களுக்கோ, உணவைச் சூடாக்கும் கருவியை வேலை செய்ய வைக்கவே ஒரு நாளுக்கு மேல் ஆனது. விளக்கைப் போட்டீர்கள். கழிப்பறையை இயங்க வைத்தீர்கள். ஆக்சிஜன் தரும் கருவியையும், நீங்கள் விடும் மூச்சிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து அகற்றும் கருவியையும் ஓடவிட்டீர்கள். மின்சாரம் போதாததால் நிலையத்தின் மூன்று பகுதிகளில் ஒன்றான யூனிட்டி மூடியே இருந்தது. டிசம்பரில் எண்டெவர் விண்கலம் பெரிய சூரியத் தகடுகளைக் கொண்டுவந்து பொருத்தும் வரை ஸ்வெஸ்தா, ஸார்யா என்ற மற்ற இரண்டு பகுதிகளுக்குள்தான் மூவரும் புழங்கினீர்கள். ஆராய்ச்சியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இந்த வீட்டு வேலைதான் பெரிதாகப் படுகிறது.

கிட்சென்கோ ஐயா, அந்த நவம்பரிலேயே சரக்கோடு வந்த புரோகிரஸ் கலம் தானாக இணைய முடியாமல் போனபோது, உள்ளேயிருந்தபடி நீங்களே அதை ஓட்டிச் சேர்த்தீர்களே, அதற்குத் தனி நன்றி. கிரிகலேவ் ஐயா, 1991-இல் நீங்கள் மிர் என்ற சோவியத் விண்வெளி நிலையத்தில் இருக்கும்போதே, உங்களை அனுப்பிய சோவியத் நாடு இல்லாமல் போனது. அதற்குப் பிறகும் மறுபடி கிளம்பினீர்கள், அதுவும் அமெரிக்கர் ஒருவரின் தலைமையில். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஷெப்பர்ட் ஐயா, கடற்படைக்காரரான நீங்கள் கப்பல் வழக்கப்படி நாட்குறிப்பு எழுதி வைத்தீர்கள். மேலே நடந்த சின்னச் சின்னப் பாடுகள்கூட எங்கள் வரை வந்து சேர்ந்தது அதனால்தான்.

பைக்கனூர் ஏவுதளத்தில் உங்களை ஏற்றிவிட்டவர்களுக்கும், ஹூஸ்டனிலும் மாஸ்கோ அருகே கரல்யோவிலும் உள்ள கட்டுப்பாட்டு மையங்களில் இரவு பகலாகக் கண்விழித்தவர்களுக்கும் நன்றி. 2001 மார்ச்சில் உங்களிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்ட உசாச்சோவ், வாஸ், சூசன் ஹெல்ம்ஸ் மூவருக்கும் நன்றி.

நாளை விடியலில் நிலையம் எங்கள் தலைக்கு மேல் வருகிறது. அம்மாவை எழுப்ப வேண்டும்.

நன்றியுடன்,
மொட்டைமாடியிலிருந்து ஒரு குடும்பம்