பாட்டியோடு ஒரு காலைப்பொழுது: கோயில் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலின் நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

நானும் என் கணவரும் தேனி மாவட்டத்துக் கம்பத்துக்காரர்கள். அவருக்கு இங்கே செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலையில் வேலை. நான் கூடவே வந்தவள். வந்த புதிதில் "கம்பத்திலிருந்து வருகிறோம்" என்று சொன்னால், "எந்தக் கம்பம்?" என்று கேட்பார்கள். இங்கே கம்பம் என்றால் மலாய்க் கிராமம் என்று விளங்க ஒரு மாதம் ஆயிற்று.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை பஸ் பிடித்து விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாகக் கோயில் பலகையில் பார்த்தேன். நல்லதுதான், போய் வரட்டும். அதோடு, பக்கத்து வீட்டுப் பாட்டியோடு செம்பனைத் தோட்டத்தில் நடக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதல் வருடம் லீவு கிடைத்தால் போதும், நாங்கள் இருவரும் காடு பார்க்கக் கிளம்பிவிடுவோம். தாமான் நெகாராவில் அட்டைக்கடி வாங்கினோம். பிரேசர் மலையில் கழுத்து வலிக்க அண்ணாந்து பறவை தேடினோம். கம்போங் குவாந்தானில் இருட்டில் படகேறி, ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மினுக்குவதைப் பார்த்தபோது என் கணவர் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. (அவரைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.) ஆனால் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் செம்பனைத் தோட்டத்தை நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அது ஏதோ குட்டைத் தென்னை. அவருக்கு லாரியில் வந்து இறங்கும் சரக்கு.

பிறகுதான் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தார். எழுபதைத் தாண்டியவர், தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்தவர். ஒருநாள் பொதுப்பாதையில் அவர் பின்னால் போனபோது, கீழே கிடந்த மட்டையை மிதித்து முள் என் செருப்பைத் துளைத்து உள்ளே போய்விட்டது. பாட்டி என்னை வாய்க்கால் கட்டையில் உட்கார வைத்து, தாலிச்சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, முள்ளை நெம்பி எடுத்தார். "காட்டுக்குள்ள ஜப்பான் செருப்பு போட்டுக்கிட்டா வருவாங்க?" என்று ஒரு திட்டு. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே எட்டி ஒரு ஆண் பூவிலிருந்து விரல் மாதிரி நீண்ட கதிரை ஒடித்து மூக்கருகே நீட்டினார். "மோந்து பாரு."

சோம்பு வாசம்! எங்கள் ஊர்க் கறிக்கடைத் தெருவில் மசாலா அரைக்கும் அதே வாசம். கதிர் முழுக்க வெளிறிய மஞ்சள் தூள், அதற்குள் எள்ளளவு கருவண்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

"இந்தப் பூச்சி செய்யிற வேலைய நாங்க செஞ்சோம்," என்றார் பாட்டி. ஆண் பூவைப் பையால் கட்டி, தூளை உதிர்த்து, காயவைத்துச் சலித்து, முகப்பவுடர் மாதிரியான மாவில் கலந்து, ரப்பர் உருண்டை வைத்த குழலில் பெண் பூவின்மேல் புஸ் புஸ்ஸென்று அடிப்பார்களாம். பெண் பூ விரிந்தால் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும் என்பதால் மழையானாலும் நிரை நிரையாக மரத்துக்கு மரம் போய்ப் பார்க்க வேண்டும். "அப்புறம் பூச்சி வந்துச்சு, எங்க வேல போச்சு."

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். 1981இல் கேமரூனிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், செம்பனையே ஆப்பிரிக்க மரம், அதன் துணை வண்டும் அங்கேதான் இருந்தது என்றார். ஆலையில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அதுவரை குழல் பிடித்த கைகளில் ஒன்று அடுத்த வீட்டில் இருப்பது அவருக்கும் தெரியாது.

மலாயாவில் செம்பனையை வணிகத்துக்காக முதன்முதலில் நட்டது 1917இல், இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். செம்பனையின் முதல் தோட்டத்துக்குப் பெயர் தென்னமரம்! நான் மட்டும் குழம்பவில்லை என்று அன்றைக்கு ஒரு ஆறுதல்.

அதற்குப் பிறகு பாட்டி விடவில்லை. தோட்டத்துச் சாலையோரத்து மஞ்சள் பூச்செடி அலங்காரத்துக்கு இல்லையாம். ஓலைத் துணுக்குகளைப் பையாகக் கட்டிக்கொண்டு ஓலையை அரிக்கும் புழுவைக் கொல்லும் குளவிகளுக்குத் தேன் கொடுக்கத்தான். தோட்டத்தில் தூணின்மேல் இருக்கும் மரப்பெட்டி கூகைக்கு, எலி பிடிக்க. கூகை அலறினால் சாவு வரும் என்று பயந்த நான் இப்போது ராத்திரி அதன் குரல் கேட்டால் நிம்மதியாகத் தூங்குகிறேன். பால்மர (ரப்பர்) காலத்துக் கதை தனி. விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), பால் பிடிக்கும் மங்கு துடைப்பது, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே உளியோடு ஓட்டம்.

இதையெல்லாம் கேட்க இரண்டே பேர், அதுவும் வேலைப் பாஸில் வந்த நாங்கள். உங்கள் பிள்ளைகள் தினமும் இந்த மரங்களைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

முப்பது பிள்ளைகளைத் தோட்டத்துக்குள் அழைத்துப்போக அனுமதி வேண்டும். நான் எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. வெளிநாட்டுக்காரி கடிதம், குறை சொல்லவில்லை. கோயில் முத்திரையோடு நீங்கள் கேட்டால் கதை வேறு. மருந்தடிக்காத வாரமாகப் பார்த்துக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு ரப்பர் பூட்ஸ் கட்டாயம். என் பாதத்தில் தழும்பு இருக்கிறது, வேண்டுமானால் வந்து காட்டுகிறேன்.

எங்கள் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. அதற்குள் நடந்தால் கூட நடக்கவும் தண்ணீர் தூக்கவும் நாங்கள் இருக்கிறோம். நடக்காவிட்டாலும் பாட்டி இருக்கிறார். அவரிடமும் கூட வேலை செய்த இன்னும் இரண்டு பாட்டிகளிடமும் பேசிவிட்டேன். மூவரும் சரி என்றார்கள். ஒரே நிபந்தனை: ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும், பிளாஸ்கில் சூடாகத் தே ஓ (பாலில்லாத தேநீர்) இருக்க வேண்டும், சீனி குறைவாக.