அந்த நிலம் யாருடையது?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் பற்றிய பயணக் கட்டுரை, பியாட்ரிஸ் ஊருக்கு அருகே தேசியப் பூங்காவில் பாதுகாக்கப்படும் 1867-ஆம் ஆண்டு மரவீட்டை 'எளிமையின் அழகு' என்கிறது. மகளைப் பார்க்கப் போனபோது நானும் அதற்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன். 14 அடிக்கு 16 அடி. நம் வீட்டு ஹால் அளவுதான். அதில் பாமர் (Palmer) என்ற குடியேறியும் அவர் மனைவியும் பத்துப் பிள்ளைகளும் இருந்தார்களாம். கட்டைகளுக்கு நடுவே பூசிய சாந்தைப் பார்த்தபோது எனக்கு அழகு தோன்றவில்லை; அந்த ஊர்ப் பனிக்காலம்தான் நினைவுக்கு வந்தது.

அப்படிக் குடியேறியவர்களுக்கு, அமெரிக்க அரசின் 1862-ஆம் ஆண்டு நிலக் குடியேற்றச் சட்டப்படி, ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டால் 160 ஏக்கர் கிட்டத்தட்ட இலவசம். சரி, அதற்கு முன் அது யாருடைய நிலம்? அப்பகுதியில் வாழ்ந்த ஓட்டோ-மிசூரியா பழங்குடி மக்கள் 1880-களில் ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டது பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. இத்தகைய வீடுகளைப் பற்றி எழுதும்போது, பெட்டிச் செய்தியாகவாவது அதையும் சேர்த்து வெளியிடலாம்.