மாதர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவி அவர்களே, ஆயர் அவர்களே, அன்பான சகோதரிகளே, கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

வழக்கமான காரியங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மார்ச் 7 உலக ஜெப தினத்தை, குக் தீவுகளின் பெண்கள் ஆயத்தம் செய்த வழிபாட்டு முறைப்படி அனுசரித்தோம். லெந்து கால உபவாச ஜெபமும் கிறிஸ்துமஸ் கீதப் பவனியும் தடையின்றி நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இவ்வாண்டு மனதில் நிற்பது வீட்டு ஜெபம்தான். மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் வரும் பெரும்பாடுள்ள ஸ்திரீயைத் தியானித்தோம். 12 வருஷ வியாதி. வைத்தியர்களிடம் கைப்பொருளெல்லாம் செலவழித்தும் குணமில்லை. இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டதும் 29-ஆம் வசனத்திலேயே உதிரம் நின்றுவிடுகிறது. நாம் பெரும்பாலும் அங்கேயே அல்லேலூயா சொல்லிவிடுகிறோம். ஆண்டவரோ அவளை அப்படியே போக விடவில்லை. தொட்டது யார் என்று கேட்டு நிற்கிறார். அவள் நடுங்கிக்கொண்டே வந்து எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான், 34-ஆம் வசனத்தில், மகளே என்று அழைத்துச் சமாதானத்தோடே அனுப்புகிறார்.

ஆகவே ஜெப விண்ணப்பம் கேட்கும் முறையை மாற்றினோம். முன்பெல்லாம் 'குடும்பத்துக்காக, பிள்ளைகளுக்காக' என்று இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். இப்போது ஒரு வீட்டில் ஒருவர் பேசுவார். மற்றவர்கள் குறுக்கே புத்தி சொல்லக் கூடாது. நம் சங்கத்தில் இது உபவாசத்தைவிடக் கஷ்டம்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் நடந்த ஜெபத்தில், வேலை ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் பிஸ்கட் டின்னைத் திறந்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தை எடுத்தார். பிரித்துப் பிரித்து மடித்ததில் மடிப்போரத்து எழுத்தே அழிந்திருந்தது. ரப்பர் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து அவர் குடியிருக்கும் வீடு. மாதக்கணக்கில் மகனிடம்கூட மூச்சு விடவில்லை. பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனதே, மகன் பார்த்துக்கொள்வான் என்று நாமும் இருந்துவிட்டோம். இப்போது சகோதரிகள் இருவர் அவரோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போய் வருகிறார்கள். வீட்டு விஷயம் இன்னும் முடியவில்லை. ராத்திரி தூக்கம் மட்டும் வருகிறதாம்.

காலம் கெட்டுக் கிடக்கிறது என்ற பேச்சு எல்லா வீட்டிலும் கேட்டது. எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர்தான் சிரித்தார். 1948 ஜூன் 16-இல் இதே சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார் மூவர் சுடப்பட்டதும், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் வந்த அவசரகாலம், 1960 வரை நீடித்தது. "அதுவும் 12 வருஷந்தானம்மா" என்றார். முள்வேலிக்குள் ரேஷன் அரிசியோடு வளர்ந்தவர் அவர். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது. வைத்தியர்களிடம் போனதற்காக ஆண்டவர் அந்த ஸ்திரீயைக் கடிந்துகொள்ளவில்லை என்பதே செயற்குழுவின் பதில். மன அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடும் சகோதரிகள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 உதவி எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம்.

2026-க்கு ஒரே வேண்டுகோள். வீட்டு ஜெபத்துக்குத் தேநீரும் பிஸ்கட்டும் போதும். நாசி லெமாக், மீகூன் என்று பசியாறல் போட்டியாகிவிட்டதால், செலவுக்குப் பயந்து சிலர் வீடு கொடுக்கத் தயங்குகிறார்கள். பேச வேண்டியவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

இப்படிக்கு,
செயலாளர், மாதர் சங்கம்